கூட நின்றவள்

ராசா, நேற்று நீ கோபித்துக்கொண்டு போனபோது வாசல் கதவைச் சாத்தாமல் அப்படியே போட்டுவிட்டுப் போனாய். நானும் எழுந்து சாத்தவில்லை. பொழுது அடைந்து, கொசு வந்து, எதிர்வீட்டு நாய் உள்ளே எட்டி மோந்து பார்த்துவிட்டுத் திரும்புகிற வரைக்கும் அது திறந்தே கிடந்தது. இருட்டுகிற நேரத்தில் என்னால் ஒரு கதவைச் சாத்த முடியாது, கவனித்திருக்கிறாயா? பகலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சாத்துவேன், திறப்பேன். அந்தி நேரத்தில் மட்டும் கை போகாது. அந்த நேரத்துக் கதவை வெளியிலிருந்து யாரோ சாத்த வேண்டும் என்று கை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு விடுதலை உத்தரவு கொடுத்தவர்கள் கைக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள் போல. அது கிடக்கட்டும். உனக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும். உன் அப்பா உனக்கு விட்டுவிட்டுப் போன சொத்து அது ஒன்றுதான். பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாய்.

நீ கேட்டது சின்ன விஷயம் என்று நீ நினைக்கிறாய். "கல்யாணம் முடியுத வரைக்கும் வாயத் தொறக்காதம்மா. அந்தக் கமிட்டி இன்னொரு நாள் வராமலா போயிரும்? பேப்பர்ல ஒன் போட்டோ வந்துச்சின்னா அவங்க வீட்ல என்ன நெனப்பாங்க?" என்றாய். நான் ரவிக்கைத் துணியில் ஊசி குத்திக்கொண்டே இருந்தேன். அதுதான் உன் கோபத்தைக் கிளப்பியது. வாயால் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். எழுதினால் முடிகிற வரைக்கும் சும்மா இருந்துதான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன். மீரான் காக்கா இதை எங்கள் கூட்டத்துச் சின்னப் பத்திரிகையில் போடலாமா என்று கேட்டிருக்கிறார். ஆகவே நம்மைத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதப் போகிறேன். சலித்துக்கொள்ளாதே. உன் பேரும் நீ கட்டப்போகிற பெண்ணின் பேரும் இதில் வராது. முதலில் உன் கைக்குத்தான் வரும். வேண்டாம் என்று உனக்குப் பட்டால் அடுப்பில் போட்டுவிடு, நான் மறுபடி எழுதமாட்டேன்.

எங்கள் கூட்டம் என்றால் கட்சியோ சங்கமோ இல்லை. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை வாங்கி, உள்ளே கிடந்து வெளியே வந்த சிலபேர். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் தன் வீட்டு மாடியில் ஓர் அறையை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு விட்டிருக்கிறார். அங்கே வருகிற எவரும் கத்தி எடுத்தவர் இல்லை. எடுத்தவனோடு நின்றவர்கள். மீரான் காக்கா காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். துபாயிலிருந்து லீவில் வந்த இடத்தில் மச்சானுக்கும் இன்னொருவனுக்கும் நடந்த சண்டையில் இன்னொருவனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். விலக்குவதற்குப் பிடித்தேன் என்கிறார். மச்சான் குத்துவதற்குத் தோதாகப் பிடித்தார் என்றது தீர்ப்பு. உண்மை எது என்று செத்தவனுக்கும் அல்லாவுக்கும்தான் தெரியும், அதை அவரே சொல்வார். சட்டப் புத்தகத்தை உள்ளே இருந்தே கரைத்துக் குடித்த மனுஷன். "நாம நல்லவங்கன்னு சொல்லப் போவல தங்கச்சி. அளந்து குடுங்கன்னு கேக்கப் போறோம், அம்புட்டுத்தான்" என்பார்.

வெட்டியவனோடு ஒரே எண்ணத்தில் நின்றாய் என்று முடிவாகிவிட்டால் வெட்டியவனுக்கு என்னவோ அதுவேதான் உனக்கும். கொலைக்கு ஆயுளுக்குக் கீழே தண்டனை கிடையாது. நீதிபதி இரக்கப்பட்டாலும் இறங்க முடியாது. அதைத் திருத்தச் சொல்லித்தான் இத்தனை காலமாகக் காக்கா மனு மேல் மனு எழுதுகிறார். நிற்பதிலும் பல மாதிரி உண்டு, பார்த்து, அளந்து, குறைத்துக் கொடுக்க நீதிபதிக்கு ஓர் இடம் வையுங்கள் என்பதுதான் மனு. இப்போதுதான் முதல் தடவையாக அரசாங்கம் போட்ட ஒரு குழு வந்து எங்கள் வாயால் கேட்கிறோம் என்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை காலையில். பெண்களில் பேச ஒப்புக்கொண்டது நான் மட்டும்தான். மற்றவர்களுக்கு வீட்டில் மருமகள் உண்டு, பேரப்பிள்ளைகள் உண்டு. எனக்கும் இப்போது அந்த வரிசைதான் வந்திருக்கிறது என்று நீ சொல்கிறாய்.

நான் நின்ற கதை உனக்குத் தெரியும். தெரிந்தவரை போதும் என்று நீயும் கேட்டதில்லை, நானும் முழுசாகச் சொன்னதில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே நம் வாழைத்தோட்டம். உன் அப்பாவுக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் வாய்க்கால் தண்ணீரில் தகராறு. அன்றைக்கு நான் கஞ்சி கொண்டுபோனேன். ஓலைக் கடகத்தில் கஞ்சித் தூக்குவாளிக்கு மேலே இலை அறுக்கிற அருவாள். இலை அறுக்கிற நாள் என்றால் அருவாள் கடகத்தில்தான் இருக்கும், எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணின் கடகத்தைக் கவிழ்த்தாலும் விழும். நீ வயிற்றில் இருந்தாய், எனக்கே அப்போது பாதி சந்தேகம்தான். வரப்பில் பேச்சு முற்றிக்கொண்டிருந்தது. உன் அப்பா என் பக்கம் திரும்பிக் கடகத்துக்குள் கை விட்டார். தூக்கை எடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் நடந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தவில்லை. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. செத்தவர் என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தாயி என்பார். வரப்பில் எதிரே வந்தால் சேற்றில் இறங்கி வழி விடுவார். அவருக்கும் ஒரு பெண்டாட்டி இருந்தாள், அவளுக்கும் வெள்ளிக்கிழமை வந்து பேச உரிமை உண்டு. அவள் என்னைத் தூற்றினாலும் நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வேன்.

விசாரணையில் நீதிபதி என்னை நேரே கேட்டார், சம்பவத்தின்போது நீ எங்கே இருந்தாய் என்று. "கூடத்தான் நின்னேன்யா" என்றேன். வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. நம் ஊரில் "கூட" என்ற வார்த்தையில் என்ன குற்றம்? கோயில் கொடைக்குப் போனால் கூட நிற்கிறோம், ரேஷன் கடையில் கூட நிற்கிறோம், சாவு விழுந்த துஷ்டி வீட்டில் கூட நிற்கிறோம். நிற்காமல் போனால்தான் நம் ஊரில் குற்றம். அந்த வார்த்தை காகிதத்தில் ஏறும்போது "உடன்" ஆயிற்று. வாதத்தில் ஏறும்போது "உடந்தை" ஆயிற்று. நான் சொன்னது ஒன்றுதான், அதற்குக் கொம்பு முளைத்ததை நான் பார்க்கவேயில்லை. வழக்கைச் சீக்கிரமே முடித்துவிட்டார்கள், தீர்ப்பு நாளில் என் வயிறு நன்றாகத் தெரிந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வயிற்றைப் பார்த்தார், பிறகு சன்னலைப் பார்த்தார். "இதுக்குக் கீழ குடுக்க எனக்கு இடமில்லம்மா" என்றார். நல்ல மனுஷன்தான். அந்தக் குரலை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். ஆறு வயது வரைக்கும் நீ என்னோடு உள்ளே இருந்தாய். அதில் ஒன்றுமே ஞாபகம் இல்லை என்று நீ சொல்வாய், அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்வாய். இருக்கட்டும். உள்ளே பொழுது சாய்ந்ததும் எங்களைச் சுவரோரமாக ஜதை ஜதையாகக் குத்தவைத்து உட்காரச் சொல்வார்கள். வார்டர் அம்மா ஒவ்வொரு ஜதையாக எண்ணிக்கொண்டு வருவார். எண்ணி முடித்துத்தான் கதவு சாத்துவார்கள். உன் ஜதை யார் என்பது அங்கே பெரிய விஷயம். புருஷன், பிள்ளை, ஊர் எல்லாம் மதிலுக்கு வெளியே போய்விடும். பக்கத்தில் உட்காருகிறவள்தான் உறவு. என் ஜதை இசக்கி. அவளும் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம்தான். அண்ணன் இருட்டில் ஒருவனைத் தேடிப் போனபோது, டார்ச்சை அடி என்று அவன் சொன்னதும் அடித்தவள். அந்த வெளிச்சத்தில்தான் அவன் வெட்டினான். அவளுக்கும் ஆயுள்தான், அதற்குக் கீழே அவளுக்கும் இடமில்லை. என் இடப்பக்கம் அவள் உட்காருவாள். நீ அவள் மடியில் உட்காருவாய். குழந்தைகள் கைதிக் கணக்கில் சேராது, அதனால் உன்னை எண்ண மாட்டார்கள்.

மழைக்காலம் வந்தால் இசக்கி எண்ணிக்கையின்போது தலையைச் சாய்த்துக்கொண்டு எதையோ கேட்பாள். "ஏளா, நம்மூரு அணை நெறஞ்சு வழியுது. சத்தம் கேக்கா?" என்பாள். "கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? இங்கன ஏதுளா அணை?" என்பேன். அந்தச் சிறையிலிருந்து தாமிரபரணிக்குப் பஸ்ஸில் பாதி நாள் போக வேண்டும். "பைய மூச்ச விட்டுட்டுக் கேளு" என்பாள். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு சாயங்காலம் நீ அவள் மடியில் இருந்துகொண்டு, "தண்ணி விழுதும்மா" என்றாய். உனக்கு அப்போது குழாய்த் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் தெரியாது. ஆறு என்ற சொல்லை நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததுகூட இல்லை. இசக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அன்றைக்கு அவள் மேல் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அவள் காய்ச்சலில் போனாள். முன்கூட்டி விடுதலை கேட்டுப் போட்ட மனு மூன்றாம் முறையும் திரும்பி வந்த மழைக்காலம் அது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் அவளுடைய தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போக ஆள் வந்தது. அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. உடம்பை ஊருக்குக் கொண்டுபோனார்களா, யார் வந்து வாங்கினார்கள், ஒன்றும் தெரியாது. அன்று சாயங்காலம் நான் ஜதையில்லாமல் வரிசைக் கடைசியில் உட்கார்ந்தேன். வார்டர் அம்மா எண்ணிக்கொண்டு வந்து நின்றார். திரும்பப் போய் முதலிலிருந்து எண்ணினார். "ஒண்ணு கூட வருதே" என்றார். குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், மணி அடிப்பார்கள், ஓடுவார்கள். கூடினால் என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் சொல்லித்தரவில்லை. மறுபடி எண்ணும்போதுதான் நீ என் இடப்பக்கம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி இருந்ததைப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், கதவு சாத்தினார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நீ தரையில் உட்கார்ந்தால் உன் தலை என் முழங்கைக்குத்தான் வரும். அன்றைக்கு என் தோளுக்கு வந்தது. உள்ளே போனதும் கேட்டேன், எதற்கு அங்கே போய் உட்கார்ந்தாய் என்று. "நான் தரையில உக்காரலம்மா. இசக்கி அத்தை மடியில உக்காந்தேன்" என்றாய்.

உனக்கு ஆறு வயதானதும் சித்தி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த முறை அவள் மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "எக்கா, கொக்கிரகுளம் ஆத்துப் பாலத்துல பஸ் ஏறுனதும் இவன் எந்திச்சு நின்னுட்டான். சன்னல் வழியா கீழ பாத்துக்கிட்டு, இசக்கி அத்தை இங்கன வந்துட்டான்னு சொல்லுதான். ஆருக்கா அது?" உள்ளே என்னோடு இருந்தவள் என்றேன். "அவள எப்ப விட்டாங்க?" என்றாள். வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். விடுதியில் சேர்த்த பிறகும் சித்தி ஒன்று சொன்னாள். பொழுது சாய்ந்தால் நீ சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாயாம். பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு. வேறு பையன் வந்து அதில் உட்கார்ந்தால் அடித்துவிடுவாயாம். வளர வளர அது போய்விட்டது என்றார்கள்.

நீ போன பிறகு உள்ளே குழந்தையே இல்லாத ஒரு மழைக்காலத்தில், எண்ணிக்கை இன்னொரு தடவை ஒன்று கூட வந்தது. அதே வார்டர் அம்மா. முதலில் சுற்றும் முற்றும் பார்த்தார், துண்டு போட்ட பிள்ளை எங்காவது இருக்கிறதா என்று. பிறகு என் இடப்பக்கம் பார்த்தார். சரியான எண்ணிக்கையை எழுதிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் எண்ண வரும்போதெல்லாம் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் நடந்தார். உனக்கு மீசை அரும்பிய பிறகுதான் நான் வெளியே வந்தேன். உன் அப்பா வரவேயில்லை, அவர் இருந்த சிறையிலேயே முடிந்துபோனார். வாசலில் நீயும் சித்தியும் நின்றீர்கள். நீ என்னைத் தொட வெட்கப்பட்டாய். நானும் வெட்கப்பட்டேன். ஆட்டோவில் நாம் மூன்று பேரும் பின்னால் உட்கார்ந்தும் உன் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. சித்தி முழுக்கச் சாய்ந்து நசுங்கிக்கொண்டு வந்தாள், அவளும் நகரவில்லை, நீயும் நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒருதடவை வந்து பார் என்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன், நீ வரவில்லை. மனு, சட்டம், எந்த ஊரில் எந்த வக்கீல் என்று சத்தமாகப் பேசிக்கொண்டே இருப்போம். அந்தி சாய்ந்ததும் பேச்சு தானாக நின்றுவிடும். யாரும் சொல்லாமலே நாற்காலியை விட்டு இறங்கிச் சுவரோரமாக ரெண்டு ரெண்டு பேராக உட்கார்ந்துவிடுவோம். ஆணும் பெண்ணும், கிழவரும் நடுவயதும். கொஞ்ச நேரம்தான், பிறகு யாராவது இருமுவார்கள், எழுந்து லைட்டைப் போடுவோம். ஒருதடவை டீச்சர் அம்மா படியேறி வந்தவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் இறங்கிப் போய்விட்டார். மீரான் காக்கா டீ வாங்கும்போது எப்போதும் ஒன்று கூட வாங்குவார். இத்தனை வருடத்தில் அது மிச்சமானதில்லை. யார் குடித்தது என்று நாங்கள் கேட்டுக்கொள்வதும் இல்லை. நீ பயந்துவிடாதே, எங்களுக்கு அது பயமாக இல்லை. உள்ளே இருந்து வராமலே போனவர்களுக்கும் சேர்த்துத்தானே பேசுகிறோம்.

உனக்கு எல்லாம் மறந்துவிட்டது என்றாய் அல்லவா? நிச்சயதார்த்தத்தில் நான் பின்வரிசையில் இருந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கு வெற்றிலை மாற்றுகிற வரைக்கும் உன் இடப்பக்கத்து நாற்காலியில் உன் கைக்குட்டை கிடந்தது. உன் ஆபீஸ் நண்பன் ஒருவன் அதில் உட்கார வந்தபோது, ஆள் இருக்கு என்று சொன்னாய். நீ அதை யோசித்துச் சொல்லவில்லை. அந்தி நேரம் அது.

இப்போது உன் மூக்கு சிவக்கப் போகிற இடத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் பெண் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள். நீதான் அனுப்பினாய், மாமியார் கையால் தைத்தால் நல்லது என்று. நல்ல பிள்ளை. கையைத் தூக்கு என்றால் தூக்குகிறது, திரும்பு என்றால் திரும்புகிறது, உன்னை மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்பதில்லை. அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. மழை இருட்டு வேறு. நான் என்னை அறியாமல் சுவரோரம் குத்தவைத்துவிட்டேன். அவள் என்ன நினைத்தாளோ, கால் வலிக்கிறது என்று நினைத்திருப்பாள், அவளும் வந்து என் இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த இடத்தில் இதுவரைக்கும் யாரையும் நான் உட்கார விட்டதில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டாள், "அத்தே, இங்கன ஆரும் உக்காந்திருந்தாங்களா?" எதற்குக் கேட்கிறாய் என்றேன். "தரை சூடா இருக்கு அத்தே. இப்பத்தான் எந்திச்சுப் போன மாரி." என் பக்கத்துச் சிமெண்டுத் தரை ஈரத்தில் சில்லிட்டுக் கிடந்தது. நான் கை வைத்துப் பார்க்கவில்லை, எனக்குப் பார்க்கத் தேவையில்லை. அப்புறம்தான் எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. மழையாக இருக்கலாம். மழை ஓட்டில் விழுகிற சத்தம் எனக்குத் தெரியும், இது வேறு. எங்கேயோ தூரத்தில் தண்ணீர் நிறைந்து, ஒரே சீராக மேலே வழிந்து விழுகிற சத்தம். நான் மூச்சை விட்டுவிட்டுக் கேட்டேன்.

அந்த இருட்டிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தோட்டம், கடகம், கூடத்தான் நின்னேன் என்றது, நீ பிறந்தது, இசக்கி, மடி. அவள் அழவில்லை, ஐயோ என்றும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "அந்த இசக்கியக்காவுக்கு ஊர்ல ஆரு இருக்கா?" எனக்குத் தெரிந்து யாருமில்லை என்றேன். அதற்குச் சொன்னாள், "அப்ப கல்யாணத்தன்னைக்கு ஒரு எலை கூடப் போட்டாப் போச்சு." எனக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. நம் பாஷையில் "கூட" என்ற அந்த வார்த்தை எதற்கு இருக்கிறதோ அதற்கு அவள் அதை எடுத்துக்கொண்டாள். அது திரும்ப வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று. கரண்ட் வந்ததும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "ஒங்க மகனே என்ட்ட சொல்லுதாங்களான்னு பாப்போம் அத்தே, நீங்க சொல்லாதீங்க" என்றாள். நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். தலையாட்டுவது எந்தக் கோர்ட்டிலும் செல்லாது.

ஆகவே ராசா, நீ யாரிடமிருந்து எதை மறைக்கச் சொன்னாயோ அது அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் நீயே உட்கார்ந்து சொல்லிவிடு. அவள் அப்பா அம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள், அதில் நான் தலையிடமாட்டேன். அவர்கள் வேண்டாம் என்றால்? அந்தக் கேள்வி எனக்கு வராமல் இல்லை. நேற்று முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கல்யாணம் என்னால் நின்றால் நான் உயிரோடு இருந்து என்ன என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் வெள்ளிக்கிழமை நான் போகத்தான் போகிறேன். ஒருதடவை கத்த வேண்டிய இடத்தில் கத்தாமல் நின்றேன். இன்னொரு தடவை என் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டால் அதற்குப் பிறகு எனக்கு எந்தச் சாக்கும் கிடையாது. உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு எவ்வளவு உண்டோ தெரியாது, இந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாளைக்கு உன் வீட்டில், ஆபீஸில், தெருவில் எங்கேயாவது உன் கண் முன்னால் ஒரு கை தப்பான இடத்துக்குப் போனால் கத்து. அது யார் கை என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. அவளோடு சண்டை போட்டால் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகாதே. கோபத்தோடு போனாலும் திறந்து போட்டுவிட்டுப் போ, நேற்றுப் போன மாதிரி. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

குழுவிடம் நான் என்ன பேசப் போகிறேன் என்று நீ கேட்கவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை. ஐயாமாரே, கூட நின்றதற்கும் வெட்டியதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, அதைச் சட்டத்தில் எழுதிவையுங்கள், என்னைப் பார்த்து இடமில்லை என்று சொன்ன நீதிபதியும் நிம்மதியாகத் தூங்கட்டும் என்பேன். இசக்கியின் பேரைச் சொல்வேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை வராது. போட்டோ எடுத்தால் எடுக்கட்டும், முகத்தை மூடமாட்டேன்.

மண்டபத்தில் முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறார் காக்கா. என் இடப்பக்கத்து நாற்காலியில் என் பை இருக்கும். ஆள் வருதா என்று யாராவது கேட்பார்கள். வருது என்பேன். உன் பெண் வருகிறேன் என்றிருக்கிறாள், அவள் என் வலப்பக்கம் உட்காருவாள். நீ வராமல் இருந்தாலும் நான் உன்னை ஒன்றும் நினைக்கமாட்டேன், அந்த நாற்காலியை வேறு யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன். வந்தால் பையை எடுத்துவிட்டு, உட்காருவதற்கு முன்னால் ஒருதடவை கையால் தொட்டுப் பார். சூடாக இருந்தால் பயப்படாதே. எழுந்துபோகச் சொல்லவும் வேண்டாம், அப்படியே உட்கார். அந்த மடி உனக்குப் பழக்கம்தான்.